அம்மியின் அடிப்பக்கம்: த்ரீடி மாடலை வைத்துத் தொல்லியல் படிப்பிக்கலாமா?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்கிறார்: "பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போக இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், பஸ் காசுக்கே வழியில்லை. பழைய பொருட்களின் த்ரீடி மாடல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்கிறார்கள். அவற்றை வைத்துத் தொல்லியல் படிப்பிக்கலாமா, இல்லை பிள்ளைகளுக்கு அது இன்னொரு ஃபோன் விளையாட்டாகத்தான் போகுமா? என்னிடம் இருப்பது ஒரு பழைய புரொஜெக்டர், ஒரு கணினி, என் ஃபோன். அவ்வளவுதான்."

டீச்சர், படிப்பிக்கலாம். விளையாட்டாகவும் போகும். இரண்டும் ஒரே பாடவேளைக்குள் நடக்கும். முதல் பத்து நிமிடம் விளையாட்டுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதைத் தடுத்தால் மிச்ச நேரமும் அதிலேயே போய்விடும்.

என் முதல் வகுப்பை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நூதனசாலைப் பொருட்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் வேலை பார்த்தவன் நான். அந்தத் தைரியத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய், 40 நிமிடத்தில் 11 மாடல் காட்டினேன். எகிப்துப் பூனை, கிரேக்கச் சாடி, ரோமக் காசு என்று திரையில் எல்லாம் பம்பரமாய்ச் சுற்றின. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில், "இன்றைக்கு என்ன பார்த்தோம்?" என்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, "சேர், அந்தப் பூனதான் மத்தத விட வேகமா சுத்துச்சு" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் காட்டியது அதைத்தான்.

அதற்குப் பிறகு இரட்டைப் பாடவேளைக்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டேன். அதையும் உடனே சுற்றிக் காட்டுவதில்லை. முதலில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, கொப்பியில் வரையச் சொல்வேன். அப்புறம், "பின்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டு அதையும் வரையச் சொல்வேன். வரைந்து முடிந்த பிறகுதான் மாடல் திரும்பும். தன் ஊகம் பிழைத்த இடத்தைப் பிள்ளை தானே பார்க்கும். அப்போது வகுப்பில் ஒரு "அட!" கேட்கும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

பெயர்ச்சீட்டை எப்போது காட்டுவது என்பதும் முக்கியம். தொல்லியலில் பொருளுக்குப் பாதி மதிப்பு, அது கிடந்த இடத்துக்கு மறுபாதி. சிலவேளை இடத்துக்கே முக்கால் பங்கு. சிவனொளிபாதமலை அடிவாரத்தில், குருவிட்டைக்குப் பக்கத்தில், பட்டதொம்பலென என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே கடற்சிப்பியில் செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன. அந்த மணியை மட்டும் மாடலாகக் காட்டினால், "துளை போட்ட சிப்பி, சங்கிலிக்குக் கோர்த்திருப்பார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிடைத்த இடத்தை வரைபடத்தில் வைத்துக் காட்டுங்கள். கடல் எங்கே, குகை எங்கே? இடையில் மழைக்காடு. ஒன்றில் இவர்கள் கடற்கரைக்குப் போய்வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைமாறிக் கைமாறி மணி மேலே ஏறி வந்திருக்க வேண்டும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆட்களைப் பற்றி தரம் 6 பிள்ளை வாக்குவாதம் செய்யத் தொடங்கிவிடும். சிப்பி அதே சிப்பிதான், இடம் தெரிந்ததும் வாய் திறந்துவிட்டது.

மாடலில் இல்லாதது இந்த இடம்தான். கறுப்புப் பின்னணியில் அந்தரத்தில் மிதக்கும் பொருள் அழகாக இருக்கும், ஆனால் ஊமை. அதனால் முதலில் பொருளை மட்டும் காட்டிப் பேசவிட்டு, அப்புறம் இடத்தைச் சொல்லி மறுபடியும் பேசவிடுங்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையில் எழுதிவிட்டால், தொல்லியலில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இனி நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்த கொழும்பு நூதனசாலைக்கே வருவோம். அங்கே இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கல் கிடையாது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1409 பெப்ரவரி 15 என்று திகதியிட்டது. 1911இல் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. (ஐந்து நூற்றாண்டு கழித்து, சீன அரசனின் சாசனம் கான் மூடியாகக் கிடந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை போதும், மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.) சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை மாடலோடு தொடங்காதீர்கள், மட்டையோடு தொடங்குங்கள். கடையில் தேயிலைப் பெட்டி மட்டையோ ஃபிரிட்ஜ் பெட்டியோ வாங்கி, 145 சென்டிமீட்டர் உயரம், 76 சென்டிமீட்டர் அகலம் வெட்டிச் சுவரில் சாய்த்து வையுங்கள். உங்கள் வகுப்பில் ஏறக்குறைய அந்த உயரத்தில் ஒரு பிள்ளையாவது இருக்கும். பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கல்லின் தடிப்பு 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு டீச்சரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் பாரத்தையும் கண்டுபிடிக்கலாம். கன அளவு ஏறக்குறைய 0.14 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கல் 2,700 கிலோ என்று வைத்தால், சுமார் 380 கிலோ. ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிற தோட்டம் என்றால், 21 பேர் நாள் முழுக்க எடுத்த கொழுந்து அது. அதைக் கப்பலில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்! திரையில் விரலால் தள்ளினால் சுற்றுகிற கல்லுக்கு இந்தப் பாரம் கிடையாது. எகிப்தில் கிடைத்து இப்போது லண்டனில் இருக்கும் ரொசெற்றாக் கல்வெட்டு 760 கிலோ. 2017இல் பிரிட்டிஷ் மியூசியம் அதை ஸ்கேன் செய்து மாடலாக இணையத்தில் போட்டது. ஃபோனில் அது ஒரு பிஸ்கட்டைப் போலத்தான் புரளும். மாடல் காட்டும்போதெல்லாம் அளவையும் பாரத்தையும் உடம்போடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

இந்த இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். இரண்டிலும் மும்மூன்று எழுத்து. ரொசெற்றாவில் ஒரே ஆணையைத்தான் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். காலிக் கல்லில் அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்ட விஷ்ணுவுக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான், வாங்குகிற சாமிதான் வேறு. "ஏன் சேர் எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. துறைமுகத்தில் யார் யார் வியாபாரம் செய்தார்கள், எந்த மொழியில் எழுதினால் யாருக்குப் புரியும் என்று அங்கிருந்து பேச்சை வளர்க்கலாம்.

சரி, இதில் மாடல் எங்கே கைகொடுக்கிறது? வெளிச்சத்தில். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு எழுத்தைவிட நிழல்தான் முக்கியம். நேராக வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்து மறைந்துபோகும். பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பி வரும். அதற்காகத்தான் பழைய ஆட்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டி மைப்படி எடுத்தார்கள். நல்ல மாடலில் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தைத் திரையிலேயே நகர்த்தலாம். அதைவிட ஒரு படி மேலே, நிறத்தை அணைத்துவிட்டு வெறும் உருவத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் பார்க்கலாம். பாசி, கறை, சுண்ணாம்பு எல்லாம் போய் உளி பட்ட இடம் மட்டும் நிற்கும். நேரில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்குக் கிடைக்காத வசதி இது. இந்த விஷயத்தில் மட்டும் நூதனசாலைக்குப் போனவனைவிட உங்கள் பிள்ளை அதிகம் பார்க்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இதைப் பழக்கிக் காட்ட இணையமே தேவையில்லை. ஜன்னலை மூடிவிட்டு, ஒரு காசை மேசையில் வைத்து, ஃபோன் டோர்ச்சை முதலில் நேர் மேலேயும் பிறகு மேசையோடு ஒட்டியும் பிடிக்கச் சொல்லுங்கள். புரிந்துவிடும். அப்படியே, மலையகத்தில் தமிழ்க் கல்வெட்டு இல்லை என்று யாராவது சொன்னால், பிலிமத்தலாவைப் பக்கம் லங்காதிலக விகாரைப் பாறையைக் கைகாட்டுங்கள். 14ஆம் நூற்றாண்டுச் சாசனம், சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. அங்கிருந்து கிட்டத்தில், 1344இல் எழும்பிய கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராச்சாரி. கண்டிக்குச் சுற்றுலா போகிற பஸ் எதுவும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. போனால் ஒன்று மட்டும் கவனம்: எழுத்து தெரிவதற்காகப் பிள்ளைகள் சோக்கைத் தடவிவிடுவார்கள். வேண்டாம். டோர்ச் போதும்.

மாடல்களைத் தேடுவது பெரிய வேலை இல்லை. ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் பல நூதனசாலைகள் தங்கள் பொருட்களை வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 2020 பெப்ரவரியில் லட்சக்கணக்கான படங்களையும் த்ரீடி மாடல்களையும் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. மற்ற இடங்களில் இறக்குவதற்கு முன் உரிமக் குறிப்பைப் பாருங்கள். பெயர் போட்டால் போதும் என்பார்கள் சிலர், விற்கக் கூடாது என்பார்கள் சிலர். வகுப்பில் நேரடியாக இணையத்தை நம்பாதீர்கள். மழை வந்தால் சிக்னல் போகும் ஊர் நம்முடையது. டவுனில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள். பெரிய மாடலில் உருவத்தைக் கட்டும் சின்ன முக்கோணங்கள் 20 லட்சம்கூட இருக்கும், பழைய கணினி மூச்சுத் திணறிவிடும். மெஷ்லாப் என்ற இலவச மென்பொருளில் ஒரு லட்சத்துக்குக் குறைத்தால் புரொஜெக்டரில் வித்தியாசமே தெரியாது. கல்வெட்டு என்றால் மட்டும் அவ்வளவு குறைக்காதீர்கள். எழுத்துத்தான் முதலில் மழுங்கும்.

இதுவரை சொன்னது அடுத்தவர் செய்த மாடல். உண்மையான படிப்பு பிள்ளைகள் தாங்களே ஒன்று செய்யும்போதுதான் வரும் என்பது என் கட்சி. பொருளுக்கு எங்கேயும் போக வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எந்தக் காம்பராவின் பின்பக்கத்திலும் ஒரு அம்மி கிடக்கும்.

அம்மியைச் சும்மா சொல்லவில்லை. போட்டோகிராமெட்ரி என்பது பல கோணத்தில் எடுத்த படங்களிலிருந்து உருவத்தைக் கட்டும் முறை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், தடுமாறும். இரண்டு கண் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் நமக்குத் தூரம் தெரிகிறது. மென்பொருளுக்கு இரண்டு கண்ணுக்குப் பதில் எண்பது கண். ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டு, கெமரா எங்கே நின்றது, புள்ளி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். அதற்குப் பொருளில் புள்ளியும் வரியும் சொரசொரப்பும் இருக்க வேண்டும், மினுக்கம் இருக்கக் கூடாது. அம்மி இதற்கென்றே செய்தது போல இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கு சொதப்பும். கெமரா நகர நகர மினுக்கமும் நகர்ந்து மென்பொருளை ஏமாற்றிவிடும். கொழுந்துக் கூடையும் கஷ்டம், மெல்லிய பின்னலும் ஓட்டையும் சேர்ந்து பஞ்சுப் பொதி மாதிரி வரும்.

கொழும்புக்குப் போகிற ஹட்டன் பஸ் கித்துல்கலையைத் தாண்டும்போது பெலிலென குகைக்குப் போகும் வழியையும் தாண்டுகிறது. 30,000 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் நுண்கற்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் கல்லில் செய்தவை. நகம் அளவு, கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும். அதை மாடல் செய்வது எங்களுக்கே தலைவலி. அதனால் உங்கள் பிள்ளைகள் ஆற்றோரத்து வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து, "இதையும் செய்வோம் டீச்சர்" என்றால், செய்யவிடுங்கள். தோற்றுப்போகட்டும். ஏன் தோற்றது என்று பேசுவதும் பாடம்தான்.

அம்மி எடுக்கும் நாளுக்கு நல்ல வெயில் வேண்டாம். மூடுபனி இறங்கிய காலைதான் வேண்டும். நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைத் துணியும் விளக்கும் வைத்து உண்டாக்கும் நிழலில்லாத மெத்தென்ற வெளிச்சம் நமக்கு வருடத்தில் பாதி நாள் சும்மா கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பனியைத் திட்டாதீர்கள். அம்மியை முற்றத்தில் வைத்து, பிள்ளை அதைச் சுற்றி நடக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு வட்டம், முகத்துக்கு நேரே ஒரு வட்டம், குந்தியிருந்து ஒரு வட்டம். ஒரு வட்டத்துக்கு 25, 30 படம். முந்திய படத்தில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். பிளாஷ் கூடாது, சூம் கூடாது. படம் எடுக்கிற பிள்ளையைத் தவிர மற்றவர்கள் பின்னால். கோழியையும் விரட்டிவிடுங்கள். எங்கள் முதல் அம்மியின் ஓரத்தில் ஒரு கோழியின் கால் மட்டும் முளைத்திருந்தது.

சின்னப் பொருளென்றால் ஆசையில் சுழல் தட்டில் வைத்துச் சுற்றுவீர்கள், கெமரா ஒரே இடத்தில் நிற்கும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பின்னால் சுவரில் கலண்டர் தொங்கினால், மென்பொருள் பொருளை விட்டுவிட்டு அசையாத கலண்டரைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரு விறகுக் கத்தியை இப்படி எடுத்து, கடைசியில் எனக்குக் கிடைத்தது மிக அழகான ஒரு கலண்டர் மாடல். பின்னால் கறுப்புத் துணி கட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

அளவுக்கு அடிமட்டம் ஒன்றைப் பொருளோடு சேர்த்துப் படத்தில் வைக்க மறக்காதீர்கள். படங்களுக்கு அளவு தெரியாது. உருவம் சரியாக வரும், ஆனால் அது கட்டைவிரல் அளவா வீடு அளவா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அடிமட்டத்தின் 15 சென்டிமீட்டரைத் திரையில் குறித்துக் கொடுத்தால்தான் மற்ற அளவுகள் வரும்.

இனித் தலைப்பில் சொன்ன அடிப்பக்கத்துக்கு வருகிறேன். ஒரு பாடசாலையில் தரம் 9 பிள்ளைகள் அம்மி மாடலைச் செய்து முடித்து, விவரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேல்பக்கம்: நடுவில் பள்ளம். பக்கவாட்டு: உளி அடையாளம். அடிப்பக்கம்: வழுவழுப்பு. நான் கேட்டேன், "அடிப்பக்கம் வழுவழுப்பு என்று எப்படித் தெரியும்?" ஒரு பிள்ளை திரையில் மாடலைப் புரட்டிக் காட்டியது. "இங்க பாருங்க சேர், சவுக்காரம் மாதிரி இருக்கு." சரி, முற்றத்துக்குப் போவோம் என்று போய் அம்மியைப் புரட்டினோம். அடிப்பக்கம் கொத்தும் குழியுமாய், மண்ணும் புழுவுமாய், திரையில் கண்டதற்குச் சம்பந்தமே இல்லை. யாரும் அடிப்பக்கத்தைப் படமெடுக்கவில்லை. ஓட்டையை மென்பொருள் தானாக மூடி, வழுவழுப்பாகப் பூசிவிட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு பிள்ளை மெதுவாக, "அப்ப அந்த எகிப்துப் பூனையோட அடியும் பொய்யா சேர்?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்து அந்த வருடத்தில் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான்.

அன்றிலிருந்து மாடலோடு ஒரு அட்டை எழுத வைக்கிறேன். பொருள் என்ன, யாருடையது, எங்கே கிடந்தது, அளவு, யார் எந்தத் திகதியில் படமெடுத்தார்கள், எத்தனை படம், எந்தப் பகுதி படத்தில் இல்லை, எதை மென்பொருள் நிரப்பியது. கடைசி இரண்டும் இல்லாத அட்டைக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அதே அம்மியில் இன்னொன்றும் நடந்தது. மாடலைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் பள்ளம் சரியாக நடுவில் இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பையன், "அரைச்சவங்க இடது கைக்காரங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். இன்னொருத்தி, "இல்ல, காம்பராத் தரையே கான் பக்கமாச் சரிஞ்சுதான் இருக்கு" என்றாள். நிறத்தை அணைத்துப் பார்த்தபோது பள்ளம் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிறு குழிகள் தெரிந்தன. பெரியம்மை வந்த முகம் மாதிரி. வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் சிரிக்கிறார்: "அது அம்மி கொத்துறவரு வந்து கொத்துனது. மழுங்கிப் போனா கொத்தணும்ல, இல்லாட்டி மிளகா எப்பிடி அரைபடும்?" ஆக, தேய்மானம் என்று நினைத்ததில் பாதி உளி. பையனின் தீர்ப்பும் போனது, அந்தப் பிள்ளையின் தீர்ப்பும் ஆட்டம் கண்டது. சான்று எது, நம் ஊகம் எது என்று நான் ஒரு மாதம் பலகையில் எழுதியும் ஏறாதது, ஒரு அம்மியில் ஏறிவிட்டது. ஆனால் ஒன்று: பாட்டி இருந்ததால் எங்களுக்கு விடை கிடைத்தது. பெலிலென குகையில் கேட்க யாரும் இல்லை.

மலையகத்தில் இந்த வேலைக்கு ஒரு அவசரமும் உண்டு. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் ஒன்று நூதனசாலையாக இருக்கிறது, இயந்திரங்களைப் பார்க்கலாம். கம்பளைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களிலேயே தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலை நடத்துகிறார்கள். முடிந்தால் பஸ் காசை அங்கே செலவழியுங்கள், கொழும்பைவிடக் கிட்ட. ஆனால் லயத்தில் கிடக்கும் கவ்வாத்துக் கத்தி, தப்பு மேளம், உரல், கங்காணி காலத்துப் பெட்டி எல்லாம் ஒவ்வொரு வீடு மாறும்போதும் இரும்புக் கடைக்கோ அடுப்புக்கோ போகின்றன. பிள்ளைகள் செய்யும் மாடல் அவற்றைக் காப்பாற்றாது. மாடல் செய்ய வந்த பிள்ளை, "பாட்டி, இத எறியாதீங்க" என்று சொல்லும். நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். எக்காரணம் கொண்டும் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மலையில் ஏதாவது தட்டுப்பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டு, அடிமட்டம் வைத்துப் படமெடுத்து, திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். படத்தை இணையத்தில் போடும் முன் ஃபோனில் இட அடையாளத்தை அணைத்துவிடுங்கள். புதையல் தோண்டுகிறவர்களுக்கு நாமே வழி சொல்லிக்கொடுக்க வேண்டாம். கோயில் மூலவரைப் படமெடுக்கக் கேட்காதீர்கள். விகாரையில் புத்தர் சிலை என்றாலும் ஹாமதுருவிடம் (பிக்குவிடம்) கேட்காமல் கெமராவைத் தூக்காதீர்கள். வீட்டுப் பொருளுக்கும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அப்புறம், மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும் என்பது உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை மாடல் செய்வோம் என்று கட்டாயம் ஒருவன் சொல்வான். ஆசை நியாயம்தான். ஆனால் அந்தச் சேற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். கரையில் நின்று வரையச் சொல்லுங்கள்.

செலவு பற்றி: பொலிகேம், கிரி எஞ்சின், ரியாலிட்டி ஸ்கேன் மாதிரி ஃபோன் செயலிகள் படங்களை மேலே அனுப்பி மாடலாகத் திருப்பித் தரும். 90 படம் என்றால் 350 எம்.பி. டேட்டா போய்விடலாம். அதைக் கணக்கில் வையுங்கள். மெஷ்ரூம் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், கணினியிலேயே ஓடும். ஆனால் முழு மாடல் எடுக்க என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி வேண்டும். உங்கள் பாடசாலைக் கணினியில் அது இருக்காது. டவுனில் கேம் விளையாடும் பையன் எவனிடமாவது இருக்கும். ஒரு இரவு ஓடவிடச் சொன்னால் காலையில் முடிந்திருக்கும். த்ரீடி பிரிண்ட் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். கண் தெரியாத பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும் அதற்காக அலையுங்கள், அப்போதும் பொள்ளலான பிரிண்டுக்குள் மணலை நிரப்பிப் பாரத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

தொடங்குவதற்கு இந்தத் தவணையில் காலிக் கல்லின் மட்டை, அடுத்த தவணையில் ஒரு அம்மி. அவ்வளவு போதும். அம்மியைப் புரட்டுகிற அன்றைக்குக் கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு பெரிய பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலைக் கல்லுக்கு அடியில் வைக்கக் கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள். குழவியை யாராவது ஒருவர் கையில் வைத்திருக்கட்டும், உருண்டு கீழ் லயத்துக்குப் போய்விடும்.